வருகை மட்டும்

ஜூன் 9, திங்கள்

நாள் முழுக்க வசவு படிக்கிறவர்கள் மனசு கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது எழுதிவைக்க வேண்டும் என்று ரெஜினா மேடம் சொன்னார். எங்கள் ஆய்வு மையத்தின் தலைவர் அவர். சொன்னதைச் செய்யாவிட்டால் வாரா வாரம் கேட்பார். ஆகவே எழுதுகிறேன். எனக்கு மனசெல்லாம் கெடாது. நான் வசவைப் படிப்பதில்லை, எண்ணுகிறேன். படிப்பது தமீமின் வேலை. அவன் சமூகவியல். இணையத்தில் திட்டு வாங்கினவர்களைத் தேடிப்போய், டீ குடித்து, பேசி, பதிவு பண்ணிக்கொண்டு வருவான். நான் கம்ப்யூட்டர் ஆள். திட்டினவர்கள் எங்கே கூடுகிறார்கள், யார் ஆரம்பிக்கிறார்கள், எப்படிப் பரவுகிறது என்று நிரல் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்காக 'எல்லைக்கல்' என்ற குழுவுக்குள் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். வெளிமாநிலத் தொழிலாளிகளைத் துரத்த வேண்டும் என்கிற கூட்டம். அங்கே என் பெயர் கொற்றவன். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லோரும் 'வருகை' என்று போட வேண்டும். போடாதவனை உளவாளி என்று தூக்கிவிடுவார்கள். இதை வைத்து எங்கள் நெறிமுறைக் கமிட்டியில் ஒரு மாதம் விவாதம் நடந்தது. கடைசியில் வருகை மட்டும் போடலாம் என்று அனுமதித்தார்கள். வேறு ஒரு சொல், ஒரு பொம்மை, ஒரு கட்டைவிரல்கூடப் போடக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இன்று வருகை போட்டேன். தண்ணீர் கேன் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

'எல்லைக்கல்'லை நடத்துவது சேது அண்ணன். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். இந்த வாரம் அவருக்கு ஒரு ரயில் பிரச்சினை. வடக்கே போகிற வண்டிக்கெல்லாம் நிறுத்தம் உண்டாம், அவர் ஊர் ஸ்டேஷனில் மதுரை வண்டி நிற்பதில்லையாம். அதை டிரெண்டாக்க வேண்டுமாம்.

இவர்கள் வேலை செய்கிற லட்சணத்தை எழுதிவைக்கிறேன். ஒருவன் ஒரு பதிவு எழுதுகிறான். அதையே முந்நூறு பேர் எழுத்து மாறாமல் ஒட்டுகிறார்கள். ஒருவன் காலையில், ஒருவன் மத்தியானம், ஒருவன் நினைவு வந்தபோது. எந்தத் தளமும் அதைக் குப்பை என்று தள்ளும். தள்ளியதும் 'சதி' என்று அழுகிறார்கள். சதியெல்லாம் இல்லை. முட்டாள்தனம்.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் அதே. பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

குழுவில் ஒருத்தன் கேட்டான், கொற்றவன் மூணு மாசமா வருகை மட்டும் போடுறான், வாயில என்ன கொழுக்கட்டையா என்று. இது ஆபத்து. தூக்கிவிட்டால் மூன்று மாத உழைப்பு போச்சு. அதனால் நாலு வரி எழுதினேன். ஆளுக்கொரு விதமாகச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் போடுங்கள், ஊர்ப் பெயரோடு போடுங்கள், பாதிக்கப்பட்டவன் பேசுகிற மாதிரி இருக்கட்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம்.

ரயில் நிற்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். நானே அந்த ஊர்க்காரனாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். மேடத்திடம் சொல்ல வேண்டிய அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

டிரெண்டாகிவிட்டது. தமிழ்நாட்டில் மூன்றாவது இடம். ஒரு செய்தி சேனல் வாசித்தது. ரயில்வே அதிகாரி ஒருவர் பரிசீலிக்கிறோம் என்று பதில் போட்டார்.

சேது அண்ணன் குழுவில் எழுதினார்: "தம்பி கொற்றவன் மூளைக்காரன். இத்தனை நாள் எங்கப்பா இருந்த?" கைதட்டல் பொம்மைகள் கொட்டின. ரெஜினா மேடம் என் நிரலைப் பார்த்து ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. இதை ஒரு தகவலாகத்தான் குறிக்கிறேன்.

பிரியாணி சாப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

வண்டிக்கு செயின் ஸ்ப்ராக்கெட் போய்விட்டது. மெக்கானிக் கடையில் இரண்டு மணி நேரம். அங்கே இருக்கும்போது சேது அண்ணன் தனியாக ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டு ஆயில் மாற்றச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் மேடம் ஒரு வீடியோ காட்டினார். திருப்பூரில் ஒரு உதவி பெறும் பள்ளியின் நாலாம் வகுப்பு டீச்சர், கோகிலவாணி என்று பெயர். சாயப்பட்டறையில் வேலை செய்கிற பீகார்க்காரர் ஒருவரின் மகள் தமிழ்ப் பாடத்தை நிறுத்தாமல் வாசிக்கிறாள். டீச்சர் பின்னாலிருந்து, வெளியூர்ப் பிள்ளைங்கதான் என் வகுப்புல முதல்ல பாடத்தை முடிக்குது, நம்ம புள்ளைங்களும் போட்டி போட்டு வாசிக்குதுங்க என்கிறார். அதில் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். வெட்டியதும் தமிழ்ப் பிள்ளைகளைக் கேவலப்படுத்தினதாக ஆகிவிட்டது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் ஒரே நேரம். ஒவ்வொன்றும் வேறு வேறு வார்த்தை. எல்லாம் பெற்றோர் எழுதுகிற மாதிரி: என் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள், அவளை இந்த டீச்சர் மட்டமாகப் பார்க்கிறார். பள்ளிக்கு நானூற்றுச் சொச்சம் புகார் மெயில் போயிருக்கிறது. டீச்சரின் போன் நம்பர் வெளியே வந்துவிட்டது. நிர்வாகம் அவரை லீவில் போகச் சொல்லியிருக்கிறது. ஜூலை பத்தாம் தேதி கமிட்டி விசாரித்து, வேலையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்.

தமீம் திருப்பூர் கிளம்பிவிட்டான். எனக்குத் தலைவலி. ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் இப்படித்தான்.

ஜூன் 26, வியாழன்

மேடம் என் வரைபடத்தைத் திரையில் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஜூன் பதினைந்து வரை அந்தக் குழு ஒரு பிரச்சாரத்திலும் ஜெயித்ததில்லை. பதினெட்டுக்குப் பிறகு தொட்டதெல்லாம் பற்றுகிறது. கோடு சுவர் மாதிரி எழும்புகிறது.

"இவங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, கபிலன். உள்ள புதுசா ஒரு ஆள் வந்திருக்கான். படிச்ச ஆள். அவனைக் கண்டுபிடிச்சா நம்ம ஆய்வோட மையமே அதுதான்."

பார்க்கிறேன் என்றேன்.

ஒரு தொழில்நுட்ப விவரம். ஆய்வாளரின் சொந்தக் கணக்கிலிருந்து போகிற வரிகள் ஆய்வுத் தரவில் சேரக் கூடாது என்பது விதி. அதனால் குழுவிலிருந்து எடுக்கிற எல்லாவற்றிலும் கொற்றவனின் வரிகளை முதலிலேயே நீக்கிவிடுகிற நிரல் ஒன்று ஓடுகிறது. நான்தான் எழுதினேன். நன்றாக வேலை செய்கிறது. மேடம் எத்தனை முறை தேடினாலும் ஜூன் பதினாறாம் தேதியில் ஒன்றும் இருக்காது. மூல நகல் என் கணினியில் மட்டும்.

விதிப்படிதான் நடக்கிறது.

ஜூன் 30, திங்கள்

தமீம் வந்தான். டீச்சரிடம் எடுத்த பேட்டியில் தெருச்சத்தம் அதிகம், ஒலியைச் சுத்தம் பண்ணிக்கொடு என்றான். சுத்தம் பண்ண வேண்டுமானால் கேட்டாக வேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டேன்.

அழவில்லை அவர். அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். போன் நம்பரை மாற்றவில்லையா என்று தமீம் கேட்கிறான். மாத்தினா புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் எப்படிங்க தெரியும், லீவு லெட்டர் அதுலதானுங்க வரும் என்கிறார். அழைக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டதற்கு ஒரு தடவை சொல்லத் தொடங்கி நிறுத்தி, வேண்டாம், எம் பையன் அந்தப் பக்கம் படிச்சுட்டு இருக்கான் என்கிறார். பிறகு வேறு ஏதோ பேசுகிறார்கள். பிரஷர் குக்கர் விசில். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்கிறார்:

"நானூறு பெத்தவங்க எழுதியிருக்காங்கன்னு தாளாளர் சொல்றாரு. எங்க பள்ளிக்கூடத்துல மொத்தமே இருநூத்தி எழுபது புள்ளைங்கதானுங்க. ஆனா அதுல யாரெல்லாம் எழுதுனாங்கன்னு தெரியாம, வழியில எந்த அம்மாவைப் பாத்தாலும் இவங்களா இருக்குமோன்னு தோணுது. அதுதானுங்க தாங்க முடியலை."

குக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். ஒலி இப்போது தெளிவாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

நேற்றும் இன்றும் வருகை போடவில்லை. சேது அண்ணனிடமிருந்து செய்தி: "தம்பி ரெண்டு நாளா காணோமே, உடம்புக்கு முடியலையா? மெட்ராஸ்ல காய்ச்சல் பரவுதாம். இளநி குடி. உன்னைத் தூக்க வேணாம்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்."

நான் மெட்ராஸில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். மெக்கானிக் கடையிலிருந்து பேசியபோது நானே சொல்லியிருக்கிறேன். மேலே போய்ப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சு முழுதும் அங்கே இருந்தது. ஒரு வீடியோ அனுப்பி, "பள்ளிக்கூட மேட்டர் ஒண்ணு இருக்குப்பா, இதுக்கும் ரயிலுக்குப் பண்ணின மாதிரியே பண்ணிரலாமா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாண்ணே" என்று போட்டிருக்கிறேன். மெட்ராஸ்ல வண்டி ரிப்பேர், அப்புறம் பேசுறேன் என்றும் போட்டிருக்கிறேன்.

வீடியோவை நான் அன்று திறக்கவே இல்லை. திறக்கப்படாத அடையாளம் இன்னும் அப்படியே இருந்தது.

ஆக நாலு வரி மட்டும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மேடம் அறைக்குப் போய்ச் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மூல நகலை அவர் முன்னால் திறந்து வைத்தேன். நாலு வரியையும் படித்தார். அந்த ஆமாண்ணேயையும் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, எத்தனை நாளாகத் தெரியும் என்று மட்டும் கேட்டார். புதன்கிழமையிலிருந்து என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். வரைபடம் போட்ட அன்றிலிருந்து என்று திருத்தினேன்.

ஆய்வு நின்றது. நெறிமுறைக் கமிட்டிக்குக் கடிதம் எழுதுகிறார். என் வேலை என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

டீச்சருக்காகப் பள்ளிக் கமிட்டியிடம் கொடுக்க ஒரு அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு மெயிலும் எங்கிருந்து வந்தன என்று காட்டுகிற அறிக்கை. அது இல்லாவிட்டால் அவருக்கு வேறு ஆதாரம் கிடையாது. அதைக் கொடுக்கலாமா, கூடாதா என்று கேட்டேன். என் வரியை மறைத்துக் கொடுத்தால், நாளைக்கு சேது அண்ணன் அந்த நாலு வரியை வெளியே விட்டால் எல்லாமே பொய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் டீச்சர் வேலை போகும்.

"ரிப்போர்ட் போகும்" என்றார் மேடம். "நீயும் அதுக்குள்ள இருப்ப. நீயே கொண்டுபோய்க் குடு."

ஜூலை 9, புதன்

திருப்பூர். தமீமும் நானும். ரயிலில் அவன் என்னுடன் பேசவில்லை. ஈரோடு தாண்டி ஒரு வடை வாங்கிப் பாதி கொடுத்தான்.

டீச்சர் வீடு ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால். கணவர் அங்கே கட்டிங் மாஸ்டர், ஷிப்டுக்குப் போயிருந்தார். ஆறாவது படிக்கிற பையன் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகப் பார்த்தான். சாப்பிட்டுத்தான் பேச வேண்டும் என்று டீச்சர் இலை போட்டுவிட்டார். தமீம் என்னை ஆய்வு மையத்துத் தம்பி, கம்ப்யூட்டர் பார்க்கிறவர் என்று அறிமுகப்படுத்தினான். டீச்சர் எனக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினார். அதையும் சாப்பிட்டேன்.

பிறகு அறிக்கையைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பேனா இல்லாமல் அவருக்குப் படிக்க வராது போல. பக்கம் பக்கமாகப் போனார். வசவுகள் வந்த பக்கங்களை வேகமாகத் திருப்பினார். ஓரிடத்தில் நின்றார். அடிக்கோடு போட்டார்.

"இத்தனை பக்கத்துல இந்த ஒருத்தருதானுங்க விளங்குற மாதிரி எழுதியிருக்காரு. மத்ததெல்லாம் வெறும் கத்தல். இவரு படிச்சவரு, பாருங்க, முதல்ல இது, அப்பறம் இதுன்னு வரிசையா."

தமீம் தரையைப் பார்த்தான்.

"அது நான்தான், டீச்சர்" என்றேன்.

அவர் தமீமைப் பார்த்தார், நான் ஏதோ விளையாடுகிறேன் என்பது போல. அவன் தலையை ஆட்டினான். நான் சொல்லிவிட்டேன். குழுவில் எதற்கு இருந்தேன், ரயில், அந்த வெள்ளிக்கிழமை, என் வரிகளை நீக்கிய நிரல் எல்லாம். வேகமாகச் சொன்னேன். எப்போதுமே வேகமாகத்தான் பேசுவேன். அவர் பேனாவுக்கு மூடி போட்டார். வீடியோவை முழுசாப் பாத்தீங்களா என்று கேட்டார். அன்று பார்க்கவில்லை என்றேன். மன்னிச்சிருங்க என்றும் சொன்னேன்.

"அதை இங்க சொல்லி என்னங்க பண்றது. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கமிட்டி. அங்க சொல்லுங்க."

நான் கிளம்பலாம் என்று நினைத்தேன். அவர் மறுபடி மூடியைத் திறந்து விட்ட இடத்திலிருந்து படித்தார். கடைசிப் பக்கம், பொய்ப் பெயரில் மெயில் அனுப்பியவர்களின் நிஜப் பெயர்கள், குழுவில் அவர்களே அனுப்பிவிட்டேன் என்று காட்டியதிலிருந்து எடுத்தவை. நானூற்றுப் பத்து பேர் வேறு வேறு ஊர்க்காரர்கள், அந்தப் பள்ளிக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு பேர் மட்டும் நிஜமான பெற்றோர்.

அந்த இரண்டு பெயரில் பேனா நின்றுவிட்டது. இவரு வீட்டுக்காரம்மா எனக்குக் கத்திரிக்காய் கொண்டாந்து குடுப்பாங்க என்றார், எங்களிடம் இல்லை.

"இந்த ரெண்டையும் எடுத்துருங்க."

முடியாது என்றேன். ஒன்றை மறைத்தால் மீதி எல்லாமே சந்தேகமாகிவிடும், முழுசாகக் கொடுப்பதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

"உங்களுதை எடுத்துத்தானுங்களே வெச்சிருந்தீங்க, இத்தனை நாளு?" குரல் உயரவே இல்லை. "தாளாளரு கண்ணுல இந்தப் பேரு பட்டா, அடுத்த நாளே அந்தப் புள்ளைங்க கையில டி.சி.யைக் குடுத்து அனுப்பிப்போடுவாரு. பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுத்தாங்கன்னு. நாலாங்கிளாஸுங்க அதுங்க. அப்பன் போன்ல பண்ணுனது அதுங்களுக்குத் தெரியுமா?"

அவர் இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பையன் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

லாட்ஜுக்கு நடக்கும்போது தமீம் முதல்முறையாகப் பேசினான். "டேய், அந்தம்மா தன் வேலைக்காக ஒண்ணுமே கேக்கலடா."

ஜூலை 10, வியாழன்

காலையில் பெட்டிக்கடையில் ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கினேன்.

கமிட்டியில் ஐந்து பேர். தாளாளர் நடுவில், வெள்ளைச் சட்டை, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட முகம். டீச்சர் ஓரத்து நாற்காலியில். நான் அறிக்கையை வைத்து விளக்கினேன். என் நாலு வரியைச் சத்தமாக வாசித்தேன். ஆமாண்ணேயையும் வாசித்தேன். என் நிஜப் பெயர், நிறுவனம், எல்லாம் சொன்னேன். ஒருவர், ஏந்தம்பி, படிச்சுப்போட்டு இதைத்தான் பண்ணுனியா என்றார். ஆமாம் என்றேன்.

பிறகு கணக்குக்கு வந்தேன். நானூற்றுப் பத்து பேர் இந்த ஊரே இல்லை. இரண்டு பேர் இங்கே படிக்கிற குழந்தைகளின் பெற்றோர். அந்த இரண்டு பெயரை மட்டும் மையால் மறைத்திருக்கிறேன்.

தாளாளர் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மார்க்கர் நல்ல மார்க்கர்.

"உங்க பேரைச் சொல்றீங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்பறம் இந்தப் பேப்பரை நான் எப்படிங்க நம்பறது? ரெண்டுங்கிறது இருநூறா இருந்தா?"

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன், இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். மையை எடுத்துக் காட்டினால் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். டீச்சர் வேலை தப்பிவிடும். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பதில் தெரிந்துகொண்டு சும்மா நின்றதில்லை.

ஓரத்து நாற்காலியிலிருந்து டீச்சர் எழுந்தார்.

"ரெண்டு பேருதானுங்க. நான் பாத்தேன். எனக்கு அவங்களைத் தெரியும். நானும் சொல்ல மாட்டேன்."

"கோகிலவாணி, உங்க வேலையைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்."

"தெரியுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்துக் கடைசியில் நாலாம் வகுப்பு ஆசிரியர் இல்லாமல் சத்தமாக இருந்தது. டீச்சர் அந்த வாசல் வரை போய் எட்டிப் பார்க்காமல் திரும்பி வந்தார். முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது டீச்சர் தமீமிடம் மட்டும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

'எல்லைக்கல்'லிலிருந்து வெளியேறினேன். வெளியேறுவதற்கு முன்னால் சேது அண்ணனுக்கு நான் யார் என்று இரண்டு வரி எழுதினேன். நீல டிக் விழுந்தது. அவர் பதில் எழுத ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் ஒன்றும் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

மேடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவிடம் ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள் என்று சொல்ல நினைத்து, பிறகு நடந்ததையே சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார்.

கமிட்டி முடிவு வந்துவிட்டது. இருநூற்று எழுபது பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் நானூறு பெற்றோர் புகார் நிற்காது என்று தள்ளிவிட்டார்கள். டீச்சர் இன்று வேலைக்குத் திரும்பிவிட்டார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய மாலை வகுப்பு மட்டும் இனிப் பள்ளிக் கட்டடத்தில் கூடாதாம். எங்கே நடத்துவார் என்று தமீமுக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளும் இன்று வகுப்புக்கு வந்திருந்தார்களா என்று கேட்டேன்.

"போன் போட்டுக் கேட்கட்டுமா?" என்றான்.

வேண்டாம், டீச்சர் வகுப்பில் இருப்பார் என்றேன்.